குரோமுக்கு ஒளிக்கத் தெரியாது

அம்பாசடர் காரை எதிரே நின்று பார்த்தால், இரண்டு வட்ட விளக்குகளுக்குக் கீழே ஒரு மட்கார்டிலிருந்து மறு மட்கார்டு வரை ஓடும் வெள்ளிப் பட்டைதான் அதன் தோற்றத்துக்கு அமைதி தருகிறது. அந்தப் பட்டை ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கிவிட்டால் போதும், வண்டி வாய் கோணிப்போன ஆளாகத் தெரியும். எஞ்சின் புதிதாக இருக்கலாம், பெயின்ட் பளபளக்கலாம். பார்ப்பவர் கண் அந்தக் கோணலிலேயே போய் நிற்கும்.

பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எஞ்சினுக்கும் கியருக்கும் பக்கம் பக்கமாக இடம் தருகிறார்கள். கோணிய பம்பரை நிமிர்த்திக் கொடுத்த டிங்கருக்கு ஒரு பத்தி கிடைப்பதே அரிது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஒரு டிங்கரின் கைவேலையை எடைபோட அந்தப் பம்பரைவிட நல்ல உரைகல் கிடையாது. கதவிலோ மட்கார்டிலோ டொக்கு விழுந்தால் முக்கால்வாசியைத் தட்டி எடுத்துவிட்டு, மீதியில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்துவிடலாம். குரோம் பூசிய பம்பரில் பட்டிக்கு இடமில்லை. மின்சாரம் பாயாத பட்டிமேல் முலாம் ஏறாது. முலாம் ஏறும் இடத்திலோ, அடியில் இருக்கும் சிறு மேடுபள்ளத்தையும் அந்தப் பளபளப்பு பெரிதாக்கிக் காட்டிவிடும். இரும்பு உண்மையாகவே நேராக இருந்தாக வேண்டும்.

கார் வந்த காலத்தில் பம்பர் கூடவே வந்துவிடவில்லை. 1897-இல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் நெசல்ஸ்டோர்ஃப் ஊரில், பின்னாளில் டாட்ரா என்று பெயர் பெற்ற ஆலையில் செய்யப்பட்ட ‘பிரெசிடென்ட்’ என்ற வண்டிக்கு முன்புறம் ஒரு தடுப்பு இருந்தது. முன்தடுப்பு வைத்த முதல் கார்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, பிரிட்டனில் மோட்டார் தொழிலுக்கு வித்திட்டவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் சிம்ஸ், காற்றடைத்த ரப்பர் பம்பரைத் தன் சிம்ஸ்-வெல்பெக் காரில் பொருத்தினார். அது பரவவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குப் பம்பர் என்பது வண்டி வாங்கியவர் தனியாகக் காசு கொடுத்து மாட்டிக்கொள்ளும் கூடுதல் பொருளாகவே இருந்தது.

1920-களில் அமெரிக்காவில் அது நிலைபெற்றது. அப்போதைய பம்பர் மிக எளிமையானது. லாரியின் வில்பட்டைக்குப் பயன்படும் ஸ்பிரிங் எஃகில் செய்த, நீண்ட மெல்லிய பட்டைகள், அவ்வளவுதான். 1927 இறுதியில் வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் இப்படி இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். மெதுவாக மோதினால் பட்டை உள்வாங்கி, மறுபடி தானே வெளியே வரும். அதிகமாக மோதினால் வளைந்து நிற்கும்; கழற்றிக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோனால் நிமிர்ந்துவிடும். அடி வாங்குவதற்கும் பிறகு நிமிர்த்தப்படுவதற்கும் என்றே வடிவமைக்கப்பட்ட பொருள் அது. இந்த நேர்மையான வடிவம் நெடுநாள் நீடிக்கவில்லை என்பது வருத்தம்தான்.

அதை மாற்றியது குரோமியம். அதுவரை கார்களின் பளபளப்பான பாகங்களுக்கு நிக்கல் முலாம்தான் பூசினார்கள். நிக்கல் சற்று மஞ்சளடித்த நிறம். அடிக்கடி தேய்க்காவிட்டால் மங்கிவிடும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் 1920-களின் நடுவில் குரோமிய முலாமைத் தொழிற்சாலைக்கு ஏற்ற முறையாக வளர்த்தெடுத்தார். சில ஆண்டுகளிலேயே அமெரிக்கக் கார்கள் குரோமுக்கு மாறின. மழைக்கும் வெயிலுக்கும் மங்காத அந்த நீலம் கலந்த வெண்மை மக்களை மயக்கிவிட்டது. 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் காலத்தில் பம்பர் என்பது காரின் நகையாகவே ஆகிவிட்டது. காடிலாக் வண்டிகளின் முன்னால் துப்பாக்கிக் குண்டு வடிவில் இரண்டு குரோம் முனைகள் துருத்திக்கொண்டு நின்றன. லேசாக இடித்தாலே சொட்டையாகிவிடும் பொருள் காரின் மிக முன்புறத்தில், முதல் அடி விழும் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

பிரிட்டிஷ் கார்களில் இந்த ஆடம்பரம் குறைவு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் பம்பர், அழுத்தி வடிவம் கொடுத்த ஒரே எஃகுத் தகடு. ஓரங்களில் உட்பக்கமாக வளைந்து போகும். அதன்மேல் இரண்டு இடங்களில் செங்குத்தாக நிற்கும் சிறு கொம்புகளுக்கு ஓவர்ரைடர் என்று பெயர். வெவ்வேறு உயரமுள்ள இரண்டு கார்கள் மோதும்போது ஒன்றின் பம்பர் மற்றொன்றின் பம்பர்மேல் ஏறிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் அவை. அந்த ஆக்ஸ்ஃபோர்டுதான் கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1957-இல் அம்பாசடர் ஆயிற்று. கிரில்லும் எஞ்சினும் மாறின; மார்க் 2, மார்க் 3 என்று பெயர்கள் வந்தன; உடம்பின் வடிவம் மட்டும் 2014 மே மாதம் ஆலையில் வேலை நிற்கும்வரை பெரிதாக மாறவில்லை. ஒரே வடிவம் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடியதால் டிங்கர்களுக்கு ஒரு பெரிய நன்மை கிடைத்தது. தகப்பன் காலத்து வண்டியில் படித்த வளைவு மகன் காலத்து வண்டியிலும் அப்படியே இருந்தது.

சென்னையில் வண்டியின் உடம்பைக் கட்டுவதும் சீராக்குவதும் காருக்கு முந்திய தொழில். 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் செய்து பெயர் வாங்கியது. 1903-இல் அங்கே ஒரு நீராவிக் காரையே செய்து காட்டினார்கள். பிறகு மவுண்ட் ரோடு கார் விற்பனையாளர்களின் தெருவானது. அடிசன் நிறுவனம் மோரிஸ் வண்டிகளைப் பூட்டி விற்றது. சுதந்திரத்துக்குப் பின் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை எழுந்து, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அங்கிருந்து வெளிவந்தது. அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது; உடம்பே சுமை தாங்கும். ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. இந்த வேறுபாடு ஓட்டுபவருக்குத் தெரியாமல் இருக்கலாம், பம்பரை நிமிர்த்துபவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அடி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று அவர் தேட வேண்டிய இடமே வண்டிக்கு வண்டி மாறிவிடும்.

டிங்கரிங் தொழில் இவ்வளவு தழைத்ததற்கு டெல்லியில் எடுத்த ஒரு முடிவும் காரணம். 1953-இல் மத்திய அரசு, உள்நாட்டில் உதிரி பாகங்கள் செய்யும் திட்டம் இல்லாத, வெறுமனே பூட்டி விற்கும் கார் நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்று தீர்மானித்தது. 1926-இல் இந்தியாவில் கால்வைத்த ஃபோர்டும், 1928-இல் பம்பாயில் ஆலை தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸும் 1954-இல் கிளம்பிவிட்டன. அவை விற்ற ஷெவர்லேயும் ப்யூக்கும் ஃபோர்டும் இங்கேயே தங்கிவிட்டன. அவற்றுக்குப் புதுப் பம்பர் கேட்டு எங்கே போவது? இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும். உள்நாட்டுக் காருக்கே முன்பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வளைந்ததை நிமிர்த்துவது, உடைந்ததை ஒட்டவைப்பது, கிழிந்த தகட்டுக்கு ஒட்டுப் போடுவது என்று ஒரு தலைமுறையே பழுதுபார்ப்பில் தேர்ந்தது. எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் பாகங்கள் மலையாகக் குவிந்தன. அங்கே கிடைக்கும் பம்பரும் பெரும்பாலும் ஏற்கெனவே அடிபட்டதுதான். வாங்கி வந்தாலும் டிங்கரிடம்தான் போக வேண்டும்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வது நியாயம். அனுபவம் இல்லாதவர் கோணிய பம்பரைக் கண்டதும் சம்மட்டியைத் தூக்குவார். தேர்ந்த டிங்கர் முதலில் பத்தடி பின்னால் போய் நின்று பார்ப்பார். வண்டி நிற்கும் தரை மட்டமா, நான்கு டயரிலும் காற்று சரியா, வில்பட்டை ஒரு பக்கம் தொய்ந்து வண்டியே சாய்ந்திருக்கிறதா? இவை எல்லாம் சரி என்றானபின் நூல் பிடித்து அளப்பார். பல நேரம் பம்பர் நேராகத்தான் இருக்கும். அதைத் தாங்கும் பின்னிரும்பு, அதாவது பிராக்கெட்டு, வளைந்திருக்கும். விபத்தே நடந்திருக்க வேண்டியதில்லை. நின்றுபோன வண்டியைப் பம்பரில் கயிறு கட்டி ஒரு பக்கமாக இழுத்தாலே அது வளையும். போல்ட்டு ஓட்டை தேய்ந்து அகன்றிருந்தாலும் பம்பர் தொங்கும். இரண்டு வாஷர் வைத்தால் தீர்ந்துபோகும் கோளாறு அது. அதைப் பார்க்காமல் நல்ல பட்டையை அடித்து வளைத்தவர்களால் கெட்ட பம்பர்கள் ஏராளம்.

பட்டையே வளைந்திருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். துருவேறிய போல்ட்டுகளில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஊற வைப்பார்கள். அசையாதவற்றுக்குக் கேஸ் நெருப்பு. கழற்றிய பம்பரைத் தரையில் கிடத்தி, அடிபடாத பாதியின் வளைவை அட்டையிலோ கம்பியிலோ படியெடுப்பார்கள். பம்பரின் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று பிம்பம் என்பதால் அந்த அட்டையைத் திருப்பி வைத்தால் கெட்ட பாதிக்கு அளவு கிடைத்துவிடும். வரைபடமோ கம்பெனிக் கையேடோ தேவையில்லை. வண்டி தனக்கான அளவைத் தன்னிடமே வைத்திருக்கிறது.

பிறகு நிமிர்த்தல். எஃகை வளைத்தால் அது கொஞ்சம் திரும்பி வரும். ஆகவே வேண்டிய அளவுக்குச் சற்று அதிகமாகவே எதிர்ப்பக்கம் வளைத்துவிட்டு விட வேண்டும். எவ்வளவு அதிகம் என்பது தகட்டின் கனத்துக்கும் இரும்பின் தரத்துக்கும் ஏற்ப மாறும். அதைக் கை மட்டும்தான் சொல்லும். இன்னொரு சிக்கல், வளைந்த இடம் வளைந்ததாலேயே இறுகிப்போயிருக்கும். மடிப்பின்மேல் நேராக அடித்தால் அது அசையாமல், பக்கத்தில் இருக்கும் மென்மையான இரும்பு புதிதாக மடியும். அதனால் ஓரத்திலிருந்து தொடங்கி நடுமடிப்புக்கு வர வேண்டும். அடி எந்த வரிசையில் விழுந்ததோ அதற்கு நேர் எதிர் வரிசை. முன்பக்கத்துக்கு மரக்கட்டையோ மணல் மூட்டையோ முட்டுக்கொடுத்து உள்பக்கத்திலிருந்துதான் அடிப்பார்கள்; குரோம்மேல் சுத்தியல் பட்டால் அந்தத் தழும்பு போகாது. பித்தளைக் குடத்தில் ஒடுக்கு எடுக்கும் கன்னாருடைய வேலையும் இதே இலக்கணத்தில்தான் நடக்கிறது. கனமான பட்டைகளுக்கு ஹைட்ராலிக் ஜாக்கி வேண்டும். அது இல்லாத ஊர்களில் பம்பரைக் கழற்றாமலே அதன் முனையைச் சங்கிலியால் ஒரு பெரிய மரத்தில் கட்டி, வண்டியை ரிவர்சில் மெல்ல இழுக்கும் வழக்கம் உண்டு. துணிச்சலான வழிதான். ஆனால் அதில் பம்பரோடு சேர்ந்து உடம்பின் முன்பகுதியும் இழுபடும் என்பதால், நல்ல பட்டறைகளில் அதைத் தவிர்ப்பார்கள்.

நெருப்பு வைத்தால் வேலை எளிது. செக்கச் சிவந்த இரும்பு சொன்னபடி கேட்கும். ஆனால் அந்தச் சூட்டில் மேல்முலாம் நிறம் மாறி உரியத் தொடங்கும். நெருப்பு வைத்த பம்பர் முலாம் பட்டறைக்குப் போயே தீர வேண்டும். அதனால்தான் முலாம் கெடாமல் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்தத் தெரிந்த டிங்கருக்குத் தனி மரியாதை இருந்தது. முலாமுக்குக் காசில்லாத வாடகைக்கார்க்காரர்கள் நிமிர்த்திய பம்பருக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்துக்கொண்டு போவார்கள். அதையும் குறை சொல்ல முடியாது. பிழைப்புக்கு ஓடும் வண்டி அது.

முலாம் பட்டறையின் வேலை வேறு உலகம். பழைய குரோமையும் நிக்கலையும் கரைத்தெடுத்து, இரும்பைத் தேய்த்துப் பஃபிங் சக்கரத்தில் மெருகேற்றி, முதலில் தாமிர முலாம் போடுவார்கள். துருவால் விழுந்த நுண்குழிகளைத் தாமிரம் நிரப்பும். அதைத் தேய்த்து மட்டமாக்கி மறுபடி போடுவார்கள். பட்டியின் வேலையை இங்கே தாமிரம்தான் செய்கிறது. அதன்மேல் நிக்கல், கடைசியாகக் குரோமியம். கண்ணைப் பறிக்கும் அந்தக் குரோம் படலத்தின் கனம் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது. துருவைத் தடுத்து நிறுத்துவது கீழே இருக்கும் நிக்கல்தான்.

இந்த மினுமினுப்புக்குக் கொடுத்த விலையைச் சொல்லாமல் கடந்துபோவது சரியல்ல. குரோமியத் தொட்டியில் இருக்கும் குரோமிக் அமிலம் அறுமதிப்புக் குரோமியச் சேர்மம். நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. தொட்டியிலிருந்து எழும் நுண்துளிகளைத் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுவது இத்தொழிலின் பழைய நோய். தோலில் ஆறாத புண் வரும். கையுறையும் காற்றுப்போக்கியும் இல்லாத சிறு பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் இந்த நோய்களுக்கு நடுவில்தான் பிழைத்தார்கள். குரோமிய உப்புகள் மண்ணை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிடவும் வேறு தொழில்களுக்கும் குரோமிய உப்பு தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்தால் மஞ்சள் நீர் கசியும் அந்த மேட்டின் காரணமாக, 2006-இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றது. அந்தக் குவியலுக்குப் பம்பர் முலாம் காரணமில்லை. தோல் தொழிலுக்கான உப்புதான் பெரும்பங்கு. ஆனால் வேதிப்பொருள் ஒரே குடும்பம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் தனி அனுமதி இல்லாமல் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியாது.

எஃகுப் பம்பரின் காலத்தை முடித்துவைத்தவை காப்பீட்டுக் கணக்கும் சட்டமும். நடக்கும் வேகத்தில் இடித்தாலே அமெரிக்கக் கார்களுக்குப் பெரும் செலவு வைப்பதை அங்கே காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வகம் மோதல் சோதனைகளால் காட்டியது. 1973 மாடல் முதல், மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் முன்புறம் மோதினால் விளக்கு முதலான பாதுகாப்புப் பாகங்கள் கெடக்கூடாது என்று சட்டம் வந்தது. குரோம் பட்டைகளின் இடத்தில் தடித்த உத்திரங்கள் வந்து உட்கார்ந்தன. 1974-இல் எம்.ஜி.பி. என்ற அழகான பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் தன் மெல்லிய குரோமைக் கழற்றிவிட்டுக் கறுப்பு ரப்பர் மூக்குடன் வந்தபோது அதன் ரசிகர்கள் நொந்துபோனார்கள். 1982-இல் அந்தச் சட்டம் பாதியாகத் தளர்த்தப்பட்டது, ஆனால் குரோம் திரும்பவில்லை. பிரான்சில் ரெனோ 5 கார் 1972-இலேயே வார்த்த பிளாஸ்டிக் பம்பரோடு வந்துவிட்டது. பிறகு எல்லோரும் அந்த வழியே போனார்கள். இந்தியாவிலும் மாருதிக்குப் பிந்திய கார்களில் பிளாஸ்டிக்தான். விரிசல் விட்டால் சூடுகாட்டி ஒட்டலாம், பெரும்பாலும் மாற்றிவிடுகிறார்கள். வண்டி வாங்கியவர் பிளாஸ்டிக்கை நம்பாமல் அதன் முன்னால் இரும்புக் குழாய்த் தடுப்பு மாட்டினால் அதுவும் செல்லாது. மோதினால் பாதசாரிக்கு ஆபத்து அதிகம், காற்றுப்பையின் உணரியும் குழம்பும் என்பதால், 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் அவற்றைச் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. அது நியாயமான உத்தரவுதான்.

பழுதுபார்ப்பே வாழ்க்கை ஆன கதைக்கு யாழ்ப்பாணத்தைவிடப் பெரிய உதாரணம் தமிழர் நடுவே இல்லை. 1990-இல் போர் மறுபடி மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின் பெட்ரோல் குதிரைக்கொம்பாயிற்று. உதிரிபாகம் வருவதும் நின்றது. குடாநாட்டின் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்கள் அப்போதே நாற்பது வயதை நெருங்கியவை. துளி பெட்ரோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் அவற்றில்தான் போனார்கள். ஒரு தகட்டைக்கூடத் தூக்கிப்போட வழியில்லாத ஊரில் அந்த வண்டிகள் போர் முடிந்தபிறகும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் காப்பாற்றிய மெக்கானிக்குகளின் பெயர்கள் எந்த மோட்டார் வரலாற்றிலும் இல்லாதது பெரிய குறை.

இன்று பழைய காருக்குச் சட்டத்திலேயே ஓர் இடம் கிடைத்திருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விதித் திருத்தத்தின்படி, ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய, சேசிஸ், உடம்பு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளை ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட எண்ணோடு தனியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். இதனால் அசல் பாகங்களுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது, அவற்றை நிமிர்த்தத் தெரிந்த கைகளுக்கும்தான். அதே நேரம் வியட்நாமில் உள்ள பட்டறைகள் பழைய ஐரோப்பியக் கார்களுக்குத் துருப்பிடிக்காத எஃகில் பம்பர் செய்து உலகெங்கும் அனுப்புகின்றன. மெருகேற்றினாலே பளபளக்கும், குரோமிக் அமிலத் தொட்டி வேண்டாம். முலாம் பட்டறையின் நஞ்சை நினைத்தால் அது வரவேற்க வேண்டிய வழி. ஆனால் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்தக்கூடிய அசல் பட்டை கையில் இருக்கும்போது புதிதை வாங்குவது வீண்செலவு. புதிதையே வாங்குவது என்று முடிவானாலும், கழற்றிய பழைய பம்பரைக் காயலான் கடையில் போட்டுவிடக்கூடாது. கடல்கடந்து வரும் பட்டையின் ஓட்டைகள் சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், டிங்கர் அளவெடுக்கக் கேட்பது அந்தப் பழைய இரும்பைத்தான்.